வந்தியத்தேவன் கதையைத் தொடர்ந்து எழுதுவோருக்குச் சில நல்ல துணை நூல்கள்
சித்தூர், திருப்பதிச் சீமையை முன்வைத்து ஒரு கையேடு

2022-லும் 2023-லும் 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் இரண்டு பாகங்களாக வெளிவந்த பிறகு, வெளிநாடுகளிலும் வெளி மாநிலங்களிலும் வளரும் நம் பிள்ளைகளிடம் ஒரு புதிய பழக்கம் பரவியிருக்கிறது. கல்கியின் நாவலைத் தமிழிலோ ஆங்கில மொழிபெயர்ப்பிலோ படிக்கிறார்கள். படித்து முடித்ததும் அவர்களுக்கு மனம் ஆறுவதில்லை. நந்தினி பிறகு எங்கே போனாள், வந்தியத்தேவனும் குந்தவையும் எப்படி வாழ்ந்தார்கள் என்று தாங்களே கதை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். இதை ஆங்கிலத்தில் 'ஃபேன் ஃபிக்ஷன்' என்கிறார்கள். நாம் 'ரசிகர் புனைகதை' என்று சொல்லலாம்.

இது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான பழக்கம் என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஒருவர் படைத்த பாத்திரத்தை மற்றொருவர் எடுத்து மேலும் வளர்ப்பது நம்மிடம் பழைய வழக்கம்தான். வால்மீகியின் கதையைக் கம்பர் தம் வழியில் பாடினார். வியாசரின் பாஞ்சாலியைப் பாரதியார் தம் 'பாஞ்சாலி சபத'த்தில் (முதல் பாகம் 1912) வேறொரு பெண்ணாக நிறுத்தினார். அகலிகைக்குச் சாபம் நீங்கிய பிறகு என்ன நடந்தது என்பதைப் புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் (1943) எழுதிக் காட்டினார். பொன்னியின் செல்வனுக்கும் இது நேர்ந்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த அந்த நாவல் முடிந்தபோது வாசகர்கள் விடவில்லை. பாத்திரங்களின் கதி என்னவென்று கேட்டார்கள். கல்கி முடிவுரையில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார். பின்னர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்ற தொடர்ச்சியை எழுதினார். அகிலனின் 'வேங்கையின் மைந்த'னில் வந்தியத்தேவர் முதியவராக வருகிறார்.

ஆகவே எழுதட்டும். ஆனால் ஒரு கவலை உண்டு. நம் பிள்ளைகளில் பலருக்குச் சோழர் வரலாறு என்றால் அந்த நாவலும் படமும்தான். நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அவர்கள் எழுதும் கதையை அவர்களைவிடச் சின்னப் பிள்ளைகள் வரலாறாகவே படிக்கிறார்கள். ஊரிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் நமக்குத் திருத்திச் சொல்லத் தாத்தா பாட்டியும் பக்கத்தில் இல்லை. அந்த இடத்தைச் சில புத்தகங்கள் நிரப்பும். அவற்றை இங்கே அறிமுகம் செய்கிறோம்.

முதலில் அலமாரியில் இருக்க வேண்டியவை

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் 'சோழர்கள்' முதல் நூல். ஆங்கில மூலம் 1935-லும் 1937-லும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது, தமிழாக்கமும் உண்டு. இரண்டாவது, தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்'. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மூன்று பகுதிகளாக வெளியிட்டது. எளிய, கட்டுக்கோப்பான தமிழ்நடை. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் பெற்றோர் துணையுடன் படித்துவிடலாம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆதித்த கரிகாலன் கொலையை எழுதாத ரசிகர் இல்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினரின் சொத்தைப் பற்றிய அரச ஆணையைக் கூறுகிறது. ஏன் கொன்றார்கள் என்று கல் சொல்லவில்லை. சாஸ்திரியார் உத்தம சோழர்மீது ஐயம் கொண்டார். பண்டாரத்தார் அதை மறுத்தார். ஒரே சான்று, இரண்டு அறிஞர்கள், இரண்டு முடிவுகள். இதை அறியாமல் ஒரு சிறுவன் தன் கதையில் 'இந்தச் சாதியார்தான் கொன்றார்கள்' என்றோ, 'இன்னார்தான் ஏவினார்' என்றோ எழுதிவிட்டால், அந்தப் பழி ஆயிரம் ஆண்டு கழித்து இன்றைய மனிதர்மேல் போய் விழுகிறது. கதையில் ஒருவரைக் குற்றவாளி ஆக்கலாம். அது தன் ஊகம் என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசை. ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் 1890-இல் முதல் தொகுதியை வெளியிட்டார். இரண்டாம் தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் உள்ளன. வந்தியத்தேவனை அங்கே சந்திக்கலாம். குந்தவைப் பிராட்டியார் அளித்த கொடைகளைச் சொல்லும் இடத்தில், அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிப்பு வருகிறது. அந்தச் சிறு குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் கல்கி ஐந்து பாகங்களுக்கு ஒரு கதாநாயகனை நடமாடவிட்டார். ரசிகர் கதை எழுதுவோருக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. கல் தருவது ஒரு வரி. மீதியைக் கற்பனை தருகிறது. கற்பனை அந்த ஒரு வரியை முறிப்பதில்லை.

வாணர் நாட்டுக்குப் போவோம்

கல்கி தம் வந்தியத்தேவனை வாணர் குலத்தவனாக்கினார். நாட்டை இழந்த குலத்தில் பிறந்து, குதிரையும் வாளும் மட்டுமே சொத்தாகக் கொண்ட வாலிபன் அவன். அந்த வாணர்கள் வரலாற்றில் உண்மையானவர்கள். இன்றைய இராணிப்பேட்டைக்கு அருகிலுள்ள திருவல்லம் அவர்களுடைய ஊர்; வாணபுரம் என்ற பெயரும் அதற்கு உண்டு. அங்கிருந்து வடக்கே சித்தூர், புங்கனூர்ப் பக்கமெல்லாம் அவர்களுடைய செல்வாக்கு பரவியிருந்தது. பெரும்பாணப்பாடி என்று கல்வெட்டுகள் சொல்லும் நாடு இதுதான். ஆகவே வந்தியத்தேவனின் முன்னோரைப் பற்றி எழுத விரும்புவோர் தஞ்சாவூரை விட்டுவிட்டுச் சித்தூருக்கு வர வேண்டும்.

இதற்குத் துணை 'எபிகிராஃபியா இண்டிகா' என்னும் ஆய்விதழ்த் தொகுதிகள். பதினோராம் தொகுதியில் வெங்கையா என்ற கல்வெட்டறிஞர் குடிமல்லத்திலுள்ள ஐந்து வாணர் கல்வெட்டுகளைப் பதிப்பித்தார். குடிமல்லம், திருப்பதிக்குக் கிழக்கே ஏர்ப்பேட்டுக்கு அருகிலுள்ள சிற்றூர். மிகப் பழைமையான சிவலிங்கத்தால் உலகறிந்தது. நான்காம் தொகுதியில் சோளிங்கர்க் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தகன் வாணரை முறியடித்து, 'வாணாதிராஜன்' என்னும் பட்டத்தைக் கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதிக்குக் கொடுத்த செய்தியை அங்கே காணலாம். நாடு போய், குலப்பெயரும் அயலான் கைக்குப் போன கதை! வேற்று நாட்டில் வாழும் நமக்கு அந்த வலியைக் கற்பனை செய்வது கடினமா?

ஆதித்த சோழனைப் பற்றி எழுதுவோர் காளத்திக்கு அருகேயுள்ள தொண்டைமானாடு என்ற ஊரை மறக்கக் கூடாது. பல்லவரை வென்று சோழப் பேரரசுக்கு வித்திட்ட முதலாம் ஆதித்தன் அங்கேதான் இறந்தான். 'தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்' என்பது அவனுக்குக் கல்வெட்டு தரும் பெயர். மகன் பராந்தகன் தந்தைக்கு அங்கே எடுத்த பள்ளிப்படைக் கோயில் இன்றும் நிற்கிறது. அதேபோல், சித்தூருக்குத் தென்கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள், பொன்னை ஆற்றங்கரையில் மேல்பாடி இருக்கிறது. அரிஞ்சய சோழனுக்காக அவனுடைய பேரன் இராஜராஜன் அங்கே ஒரு பள்ளிப்படை எடுத்தான். மேல்பாடிக் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் உள்ளன. 949-இல் தக்கோலப் போரில் சோழர் தோற்ற பின், இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் 959-இல் பாசறை அமைத்திருந்ததும் இதே மேல்பாடியில்தான். பகைவனின் பாசறை இருந்த ஊரில் பேரன் தாத்தாவுக்குக் கோயில் கட்டுகிறான். இதில் ஒரு நாவலே இருக்கிறது.

இந்தக் கோயில்களின் அமைப்பை வருணிக்க எஸ்.ஆர். பாலசுப்பிரமணியத்தின் 'முற்காலச் சோழர் கோயில்கள்' என்ற ஆங்கில நூல் (1971) உதவும்.

திருமலைக் கல்வெட்டுகள்: கதைகளின் களஞ்சியம்

திருப்பதிக்கு ஒருமுறையேனும் போய்வராத குடும்பம் நம்மிடையே குறைவு. அந்தச் சுவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் இருப்பதும், அவற்றில் பெரும்பாலானவை தமிழில் இருப்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? தரிசன வரிசையில் நெருக்கித் தள்ளப்படும்போது சுவரைப் படிக்க நேரம் ஏது! அந்தக் குறையைத் தீர்க்கத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1930-களிலேயே கல்வெட்டுத் தொகுதிகளை வரிசையாக வெளியிட்டது. சாது சுப்பிரமணிய சாஸ்திரி பதிப்பித்த முதல் தொகுதியில் பல்லவர், சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அடுத்தடுத்த தொகுதிகள் விஜயநகர மன்னர் காலத்தவை. பொன்னியின் செல்வன் ரசிகர்களுக்கு முதல் தொகுதியே போதும். அதிலிருந்து மூன்று செய்திகளைக் காட்டுகிறோம்.

ஒன்று: சாமவை என்ற அரசி. காடவன் பெருந்தேவி என்பதும் அவள் பெயர். பல்லவ குலத்தவள். திருவேங்கடமுடையானின் வெள்ளித் திருமேனி ஒன்றைச் செய்வித்து, நகைகளும் நிலமும் அளித்தாள். அந்தத் திருமேனி போக ஸ்ரீநிவாஸர் என்ற பெயரில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. காலம் பொதுவாக 966 என்று கொள்ளப்படுகிறது. அதாவது தொண்டை மண்டலத்தில் ஆதித்த கரிகாலன் இருந்த காலத்தை ஒட்டியது. நாவலில் பார்த்திபேந்திரனைப் படித்தவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: அந்தக் கல்வெட்டின் மன்னனைப் பார்த்திவேந்திரவர்மன் என்று அடையாளம் காணும் அறிஞர்களும் உண்டு.

இரண்டு: சுந்தர சோழரின் மற்றொரு தேவியார். வானவன் மாதேவி கணவனுடன் உயிர் துறந்தாள் என்பது பலரும் அறிந்தது. ஆனால் சேரமான் மகளான பராந்தகன் தேவி அம்மனார், கணவர் இறந்து பல ஆண்டுகள் உயிரோடிருந்தார். இராஜராஜனின் பதினாறாம் ஆட்சியாண்டில், 1001 வாக்கில், மணிகள் பதித்த பொற்பட்டம் ஒன்றைத் திருவேங்கடமுடையானுக்கு அளித்தார். கணவர் போன பின், மாற்றாள் மகன் அரியணையில் இருக்க, தாய்நாட்டோடு அந்த மகன் போரிட, அரண்மனையில் ஒரு சேர நாட்டுப் பெண் எப்படிக் காலம் தள்ளியிருப்பாள்? நந்தினிக்கு நூறு கதைகள் எழுதப்பட்டுவிட்டன. உண்மையில் வாழ்ந்த இந்த அம்மையாருக்கு ஒன்று எழுதலாமே.

மூன்று: விளக்கு விசாரணை. முதலாம் இராஜேந்திரன் காலத்தில், கோயிலில் 24 விளக்குகள் ஏற்றும் பொறுப்பைத் திருமுண்டியம் ஊர்ச் சபையார் ஏற்றிருந்தார்கள். அரசு அதிகாரி வந்து பார்த்தபோது இரண்டே எரிந்தன! விசாரணை நடந்தது. துப்பறியும் கதைப் பிரியர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? வாளும் சதியும் இல்லாமல், எண்ணெய்க் கணக்கை வைத்தே ஒரு சோழர் காலக் கதை சொல்லலாம்.

இவற்றோடு எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்காரும் டி.கே.டி. வீரராகவாச்சாரியாரும் தனித்தனியே ஆங்கிலத்தில் எழுதிய திருப்பதி வரலாற்று நூல்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காலம், சொல், வழி, சோறு

சரித்திரக் கதையில் பெரிய நிகழ்ச்சிகளைவிடச் சின்ன விஷயங்களில்தான் சறுக்கல் அதிகம். வந்தியத்தேவன் காளத்தியில் உயர்ந்த இராஜகோபுரத்தைக் கண்டு வியப்பதாக எழுதக் கூடாது. அந்தக் கோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் 1516-இல் கட்டினார்; 2010 மே மாதத்தில் அது இடிந்து விழுந்தது; இப்போது இருப்பது புதிதாகக் கட்டியது. சந்திரகிரிக் கோட்டையில் இன்று நாம் பார்க்கும் ராஜமகாலும் விஜயநகர காலத்துக் கட்டடம். 'திருப்பதி நகரில் தங்கினான்' என்பதும் பொருந்தாது. கோவிந்தராஜர் கோயிலைச் சுற்றி அந்த ஊர் வளர்ந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டு தொடங்கித்தான். வைணவ மரபு அதை இராமானுசரோடு இணைத்துச் சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டுப் பயணி மலையைத் திருவேங்கடம் என்பான். அடிவாரத்தில் திருச்சுகனூரில், அதாவது இன்றைய திருச்சானூரில், தங்குவான்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி, கொய்யா எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் கொண்டுவந்தவை. சோழர் சமையலில் காரத்துக்கு மிளகுதான். கே.டி. அச்சயாவின் இந்திய உணவு வரலாற்று நூல் (1994) இதற்கெல்லாம் விடை தரும்.

நாள், நட்சத்திரம் பார்க்க எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் 'இந்தியன் எபிமெரிஸ்' (1922) இருக்கிறது. கி.பி. 700 முதல் 1799 வரை எந்த நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் கண்டுபிடிக்கலாம். உங்கள் கதையில் நள்ளிரவில் நிலா வெளிச்சம் வேண்டுமென்றால், அன்றைக்கு நிலா உண்டா என்று முதலில் பாருங்கள்.

சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 'தமிழ் லெக்ஸிகன்' (1924-1936), கல்வெட்டுச் சொற்களுக்கு எ. சுப்பராயலு பதிப்பித்த 'தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி' (2002, 2003) ஆகியவை போதும். நாடு, கூற்றம் முதலியவற்றின் எல்லைகளுக்கு அதே அறிஞர் 1973-இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் புவியியல் பற்றிய ஆங்கில நூலில் வரைபடங்கள் உள்ளன. புராணக் குறிப்புகளுக்கு ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' (1910) இருக்கவே இருக்கிறது. ஈழப் போர்களை எழுதுவோர் 'சூளவம்ச'த்தின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் படிக்க வேண்டும். நம் கதையில் வெற்றியாக இருப்பது அவர்கள் நூலில் கொள்ளையாக இருக்கும். இரண்டையும் பார்த்தவன் எழுதும் போர்க்களம் வேறு மாதிரி இருக்கும்.

சித்தூர்ச் சீமையின் ஆறுகள், கணவாய்கள், காடுகள், பயிர்கள் ஆகியவற்றுக்கு வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு உதவும். காக்ஸ் என்ற ஆங்கில அதிகாரி 1881-இல் எழுதினார்; பின்னர் ஸ்டூவர்ட் திருத்தினார். சித்தூர் அன்று வட ஆர்க்காட்டின் தலைநகர். 1911-இல் தனி மாவட்டமாகி, 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960-இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானது. இந்த எல்லைக்கோடு நேற்று வந்தது என்பதைக் கதை எழுதுவோர் மறக்கக் கூடாது. சோழர் காலத்தில் இந்த மண்ணில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலித்தன. சத்திரத்தில் வந்தியத்தேவனுக்குத் தண்ணீர் தரும் கிழவி தெலுங்கு பேசினால் அது மிகவும் பொருத்தமே.

உரிமை பற்றி ஒரு வார்த்தை

கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அவருடைய பாத்திரங்களை வைத்து எழுதத் தடையில்லை. எல்லா எழுத்தாளர்களுக்கும் இது பொருந்தாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். அண்மைக்கால நாவலின் பாத்திரத்தை எடுத்து அச்சிட நினைத்தால் உரியவரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

எப்படித் தொடங்குவது?

இத்தனை புத்தகங்களை எங்கே தேடுவது என்று மலைக்க வேண்டாம். பழைய கல்வெட்டுத் தொகுதிகள் பலவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேவஸ்தான வெளியீடுகளும் மின்னூலாக வந்துள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தமிழ் நூல்களைத் தேடலாம். அடுத்த விடுமுறையில் திருப்பதிக்குப் போகும் குடும்பங்கள், தரிசனம் முடிந்ததும் ஒரு நாள் ஒதுக்கி, குடிமல்லம், தொண்டைமானாடு இரண்டையும் பார்த்துவிட்டு வரலாம். கூட்டம் இராது, பிள்ளைகள் கல்லைத் தொடும் தூரத்தில் நின்று பார்க்கலாம்.

பெற்றோருக்கு ஒரு யோசனை. உங்கள் பிள்ளைக்குக் கதை எழுத வரும், ஆனால் தமிழ் படிக்க வராது. உங்களுக்குத் தமிழ் படிக்க வரும், ஆனால் கதை எழுத வராது. இருவரும் சேர்ந்து உட்காருங்கள். பண்டாரத்தாரில் ஒரு பக்கத்தை நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள், பிள்ளை குறிப்பெடுக்கட்டும். கதை எந்த மொழியில் வந்தாலும் சரி. கதையின் கடைசியில், எது கல்வெட்டில் உள்ளது, எது கல்கி சொன்னது, எது தன் கற்பனை என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். அந்த மூன்று வரி எழுதப் பழகிய பிள்ளை, நாளை எவர் எதை வரலாறு என்று சொன்னாலும் 'எந்தக் கல்லில் இருக்கிறது?' என்று கேட்கும்.